சால்டிரான் போர், 1514: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்காசிய வரலாறு பற்றி நான் பேசும் சிறு கூட்டங்களில் சால்டிரான் என்ற பெயரை எடுத்துவிட்டால் போதும், கைகள் உயரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதன் மேல்தான் நிற்கின்றன.

சால்டிரான் போர்னா என்ன சார்? பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகமே இல்லையே.

1514 ஆகஸ்ட் 23 அன்று உதுமானியச் சுல்தான் முதலாம் செலிமின் படையும், ஈரானின் சஃபாவி மன்னர் ஷா இஸ்மாயிலின் படையும் மோதிய போர் அது. ஒரே நாளில் முடிந்தது. செலிம் வென்றார். கிழக்கு அனதோலியா, அதாவது இன்றைய துருக்கியின் கிழக்குப் பகுதி, அதன்பின் படிப்படியாக உதுமானியர் கைக்குப் போனது. இன்றைய துருக்கி–ஈரான் எல்லைக்கு முதல் கோடு விழுந்த நாள் என்று இதைச் சொல்லலாம்.

அந்த இடம் துருக்கியில இருக்கா, ஈரான்ல இருக்கா? வரைபடத்தில் ரெண்டு பக்கமும் காட்டுதே.

வரைபடம் சரியாகத்தான் காட்டுகிறது. துருக்கியின் வான் மாகாணத்தில் சால்டிரான் என்றொரு ஊர் உண்டு. எல்லைக்கு அப்பால், ஈரானின் மேற்கு அசர்பைஜான் மாகாணத்திலும் அதே பெயரில் ஊரும் சமவெளியும் உண்டு. போர் நடந்தது ஈரான் பக்கத்துச் சமவெளியில். வான் ஏரிக்கு வடகிழக்கே, கோய் நகருக்குப் போகும் வழியில், மலைகளுக்கு நடுவே விரிந்த புல்வெளி அது. அங்கே ஈரானியர் எழுப்பிய நினைவு மண்டபம் ஒன்று இருக்கிறது. தோற்ற பக்கத்தின் மண்ணில், தோற்றவர்களுக்காக எழுந்த மண்டபம்.

துருக்கியருக்கும் பாரசீகருக்கும் நடந்த சண்டைதானே இது?

இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன். ஆட்சிகளின் பெயராக வைத்துக்கொண்டால் சரி. மனிதர்களின் பெயராக வைத்துக்கொண்டால் தடுமாறிப் போவோம்.

ஷா இஸ்மாயிலின் படையில் முதுகெலும்பாக இருந்தவர்கள் துருக்கி மொழி பேசிய துர்க்மென் குலத்தவர். அவர்களில் பலரின் பூர்வீகம் அனதோலியாவேதான். ரூம்லு என்ற குலத்தின் பெயரிலேயே ரூம், அதாவது அனதோலியா, இருக்கிறது. தெக்கேலு குலத்தின் பெயர் அந்தாலியாவை ஒட்டிய தெக்கே நாட்டைக் குறிக்கிறது. இஸ்மாயிலே 'கதாயி' என்ற புனைபெயரில் துருக்கி மொழியில் கவிதை எழுதியவர். அவருடைய அம்மாவழிப் பாட்டி, கருங்கடல் கரையில் திரெபிசோந்தை ஆண்ட கிரேக்க அரச குடும்பத்தில் பிறந்தவர்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். உதுமானியச் சுல்தான் செலிம் கவிதை எழுதியது பெரும்பாலும் பாரசீக மொழியில். பாரசீக மன்னர் துருக்கியில் பாடுகிறார், துருக்கிய மன்னர் பாரசீகத்தில் பாடுகிறார். ஒரே பண்பாட்டுக்குள் இருந்த இரண்டு அரசுகள் ஒரே நிலத்துக்கும் ஒரே குடிகளுக்கும் போட்டியிட்டன என்று புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

கிசில்பாஷ், கிசில்பாஷ்னு சொல்றீங்களே, அவங்க யாரு?

'சிவப்புத் தலையர்' என்று பொருள். பன்னிரண்டு இமாம்களைக் குறிக்கும் பன்னிரண்டு மடிப்புகள் கொண்ட சிவப்புக் குல்லாய் அணிந்ததால் வந்த பெயர். மேலே சொன்ன துர்க்மென் குலத்தவர் இவர்களே. அர்தபீல் நகரில் இயங்கிய சஃபாவி சூஃபி மடத்தின் சீடர்களாகத் தொடங்கி, காலப்போக்கில் அந்த மடத்தின் போர்வீரர்களானார்கள்.

இஸ்மாயில் இவர்களுக்கு மன்னர் மட்டுமாக இருக்கவில்லை. குறைவற்ற குரு. இறையருள் உடலெடுத்து வந்தவர் என்று நம்பியவர்களும் உண்டு. அவர் முன்னால் போனால் கவசமே வேண்டாம் என்று களத்தில் இறங்கியதாக அக்காலத்து ஐரோப்பியப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். 1501-இல் தப்ரீஸ் நகரில் முடிசூடி, பன்னிரு இமாம் ஷியா நெறியை அரச சமயமாக அறிவித்தபோது அவருக்கு வயது 14. அடுத்த பத்தாண்டுகளில் ஈரான் முழுதும், ஈராக்கும் அவர் வசம். 1510-இல் மெர்வ் அருகே உஸ்பெக் தலைவர் ஷைபானி கானைக் கொன்றார். அவருடைய படையும் தளபதிகளும் இடையில் தோற்றதுண்டு. அவரே தலைமை ஏற்ற பெரும்போர் ஒன்றில்கூடத் தோற்றதில்லை என்ற பெயர் சால்டிரான் வரை நின்றது.

செலிமுக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் ஏன்? தூரத்து ராஜாதானே?

தூரத்து ராஜாவாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. இஸ்மாயிலின் சீடர்கள் செலிமின் நாட்டுக்குள் இருந்தார்கள். 1511-இல் தெக்கே நாட்டில் ஷாகுலு என்பவர் தலைமையில் கிசில்பாஷ் கிளர்ச்சி வெடித்தது. 'ஷாவின் அடிமை' என்பது அந்தப் பெயரின் பொருள். அதை அடக்கப் போன தலைமை அமைச்சர் காதிம் அலி பாஷாவே சண்டையில் மாண்டார். மறு ஆண்டு நூர் அலி கலீஃபா என்ற சஃபாவி தளபதி அனதோலியாவின் நடுவிலிருக்கும் தொக்காத் வரை உள்ளே வந்துவிட்டார்.

செலிம் இளவரசராக இருந்த காலத்தில் கருங்கடல் கரையில் திராப்சோனின் (மேலே சொன்ன திரெபிசோந்துதான்) ஆளுநர். இஸ்மாயிலின் வளர்ச்சியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். தந்தை இரண்டாம் பாயெசித் மென்மையாக நடந்துகொள்கிறார் என்ற கோபம் அவருக்கு நெடுநாளாக இருந்தது. 1512-இல் ஜானிசரிகளின், அதாவது சுல்தானின் நிரந்தரக் காலாட்படையினரின், துணையோடு தந்தையை இறக்கிவிட்டு அரியணை ஏறினார். அண்ணன்மார் அகமதும் கொர்குத்தும் கொல்லப்பட்டார்கள். அகமதின் மகன் முராத் தப்பி ஓடிச் சேர்ந்த இடம் இஸ்மாயிலின் அரசவை. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர் எதிரியின் நிழலில் இருப்பதை எந்தச் சுல்தானும் பொறுக்கமாட்டார்.

சுருக்கமா சொன்னா இது சன்னி–ஷியா போர், அப்படித்தானே?

சமயம் இல்லாமல் இந்தப் போரைச் சொல்ல முடியாது. முஸ்லிம் மன்னர் மேல் படையெடுக்கச் செலிமுக்கு மார்க்க அனுமதி தேவைப்பட்டது. முஃப்தி ஹம்சா போன்ற உலமாக்கள் கிசில்பாஷ்களை இறைமறுப்பாளர் என்று அறிவித்து ஃபத்வா கொடுத்தார்கள்.

ஆனால் ஷாகுலுவின் பின்னால் திரண்ட மக்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆடு மேய்த்து மலை ஏறி இறங்கும் குலங்கள் அவை. உதுமானிய அரசு அவர்களைப் பதிவேட்டில் எழுதி, ஓரிடத்தில் இருத்தி, வரி வாங்கப் பார்த்தது. நிலமானியம் பறிபோன குதிரைவீரர்களும் அந்தக் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். இஸ்தான்புல்லின் அலுவலருக்கு அவர்கள் வரிக்கணக்கு, இஸ்மாயிலுக்கு அவர்கள் சொந்தப் பிள்ளைகள். எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? இதற்கிடையே பட்டு வணிகம் வேறு. ஈரானியப் பட்டு பூர்சா சந்தைக்கு வராமல் செலிம் தடை போட்டார். அதில் நொந்தவர்கள் சன்னி வணிகர்களும்தான். 1520-இல் மகன் சுலைமான் பட்டம் ஏறியதும் அந்தத் தடையை நீக்கினார்.

போருக்கு முன்னாலேயே 40,000 கிசில்பாஷ்களைச் செலிம் கொன்னாராமே, உண்மையா?

அனதோலியாவில் ஏழு வயது முதல் எழுபது வயது வரை கிசில்பாஷ்களைப் பெயரெழுதி, 40,000 பேரைக் கொல்லவோ சிறையிடவோ செய்தார்கள் என்பது செலிமைப் புகழ்ந்து எழுதப்பட்ட உதுமானிய வரலாற்று நூல்களிலிருந்து வரும் செய்தி. அந்த எண்ணை அப்படியே ஏற்கும் ஆய்வாளர் இன்று குறைவு. நாற்பது என்பது 'ஏராளம்' என்று சொல்ல அந்த மொழிகளில் வழங்கும் வழக்கு எண்.

எண்ணைச் சந்தேகிப்பதை வைத்துக்கொண்டு கொலையே நடக்கவில்லை என்று வாதாடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெயர்ப்பட்டியல், கைது, கொலை, நாடுகடத்தல் எல்லாம் நடந்தன. பெருமைக்காகக் கூட்டிச் சொன்னார்கள் என்றால், எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதும் அதிலேயே தெரிகிறது.

அபின் டப்பா அனுப்பிய கதை நிஜமா?

கடிதப் போக்குவரத்து நிஜம். படை நகர்ந்துகொண்டிருக்கும்போதே இருவரும் எழுதிக்கொண்டார்கள். செலிமின் கடிதங்கள் வசையும் மிரட்டலுமாக, இஸ்மாயிலைத் தவறிழைத்த சிற்றரசனைப் போல அதட்டின. இஸ்மாயிலின் பதில் மிகப் பணிவான நடையில் இருக்கும்: உம் தந்தை காலத்தில் நமக்குள் நட்பு இருந்ததே, இந்தச் சொற்கள் சுல்தானுக்கு அழகில்லையே, அபின் மயக்கத்தில் இருந்த எழுத்தர் யாரோ எழுதியிருக்க வேண்டும் என்று போகும். கூடவே அந்த எழுத்தருக்காக ஒரு பொற்சிமிழில் அபின்.

செலிம் தன் பங்குக்குக் கந்தல் அங்கியும் கைத்தடியும் அனுப்பினார் என்கிறார்கள். உன் பாட்டன்மார் பக்கிரிகள், அந்த வேலைக்கே திரும்பிப் போ என்பது அதன் உட்பொருள்.

ரெண்டு பக்கமும் எத்தனை பேர்?

உதுமானியர் 60,000 முதல் 1,00,000 வரை, சஃபாவியர் 40,000 அல்லது அதற்கும் குறைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பழைய நூல்களில் வரும் இரண்டு லட்சக் கணக்கை விட்டுவிடுங்கள். அந்தப் புல்வெளியில் அத்தனை பேருக்கும் குதிரைகளுக்கும் ஒரு நாள் தீனி போட முடியாது.

இஸ்தான்புல்லிலிருந்து அவ்வளவு தூரம் படையை எப்படிக் கொண்டுபோனாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. போரைவிடப் பயணம்தான் பெரிய சோதனை என்பேன். மார்ச் மாதம், இஸ்தான்புல்லுக்கும் மேற்கே உள்ள எதிர்னேயிலிருந்து கிளம்பிய செலிம் ஆகஸ்டு பிற்பகுதியில்தான் சால்டிரானை அடைந்தார். 1,500 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து மாதம். பீரங்கிகளை வண்டியில் ஏற்றி மலைப்பாதையில் இழுக்க வேண்டும். தானியத்தைக் கப்பலில் திராப்சோனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கோவேறு கழுதைகளில் மலை தாண்டி அனுப்பினார்கள்.

எதிரே இஸ்மாயிலின் எல்லைத் தளபதி முகம்மது கான் உஸ்தாஜ்லு, வழியிலிருந்த ஊர்களைக் காலிசெய்து பயிரை எரித்துவிட்டுப் பின்வாங்கியிருந்தார். எர்சிஞ்சானைத் தாண்டியதும் கையில் கிடைத்ததெல்லாம் சாம்பல். ஜானிசரிகள் முணுமுணுத்தார்கள். திரும்பிப் போகலாம் என்று அவர்கள் சார்பில் வாய் திறந்த ஹெம்தெம் பாஷாவின் தலை போனது. அதற்கும் அடங்காமல் சுல்தானின் கூடாரத்தை நோக்கியே சுட்டார்கள் என்கின்றன வரலாற்று நூல்கள். பின்னால் கிளர்ச்சி வெடித்தால் என்ன செய்வது என்ற பயத்தில், 40,000 பேரைச் சிவாஸ்–கைசேரி பக்கம் காவலுக்கு நிறுத்திவிட்டே செலிம் முன்னேறினார் என்றும் எழுதுகிறார்கள். (நாற்பது என்ற எண் மறுபடியும் வருவதைக் கவனியுங்கள்.) இஸ்மாயில் சண்டைக்கே வராமல் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தால், குளிர்காலம் இந்தப் படையைத் தின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

பயிரை எரித்தது நல்ல உத்தி என்று போர் நூல்கள் பாராட்டும். எரிந்தது யாருடைய பயிர் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஷாகிட்ட துப்பாக்கியே இல்லையாமே? பீரங்கின்னா என்னன்னே தெரியாம போய் நின்னாரா?

தெரியும். நன்றாகவே தெரியும். இஸ்மாயிலின் தாய்வழித் தாத்தா உசுன் ஹசன், 1473 ஆகஸ்ட் 11 அன்று ஒத்லுக்பெலி போரில் உதுமானியச் சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் பீரங்கிகளிடம்தான் தோற்றார். அதே எதிரி, அதே ஆயுதம், 41 ஆண்டு இடைவெளி. சஃபாவியர் கோட்டை முற்றுகைகளில் பீரங்கி பயன்படுத்தியதும் உண்டு.

களத்துக்கு ஏன் கொண்டுவரவில்லை? கிசில்பாஷ் படையின் உயிரே வேகம். வில்லோடும் வாளோடும் குதிரையில் பாய்ந்து, விலகி, மறுபடி பாய்வது. வண்டி வண்டியாகப் பீரங்கி இழுத்தால் அந்த வேகம் செத்துவிடும். தூர நின்று சுட்டுக் கொல்வது ஆண்மையல்ல என்ற பெருமிதமும் இருந்தது. அதோடு, பீரங்கிப் படை வைக்கச் சம்பளம் வாங்கும் காலாட்கள் வேண்டும், வார்ப்புச்சாலை வேண்டும், ஆண்டு முழுதும் பணம் வரும் கருவூலம் வேண்டும். உதுமானியரிடம் அவை ஒரு நூற்றாண்டாக வளர்ந்திருந்தன. பதின்மூன்றே வயதான சஃபாவி அரசிடம் இல்லை.

முந்தின ராத்திரியே தாக்கியிருந்தா ஷா ஜெயிச்சிருப்பார்ங்கறாங்களே?

அப்படி ஓர் ஆலோசனை நடந்தது. உதுமானியரோடு மோதிப் பழகிய முகம்மது கான் உஸ்தாஜ்லுவும், முன்பு தொக்காத் வரை போனவர் என்று சொன்னேனே, அந்த நூர் அலி கலீஃபாவும் ஒரே குரலில் சொன்னார்கள்: அவர்கள் வண்டிகளை நிறுத்தி அரண் கட்டிவிட்டால் நம்மால் உடைக்க முடியாது, அதற்குமுன் பாய்ந்துவிடுவோம். துர்மிஷ் கான் ஷாம்லு எதிர்த்தார். அவர்கள் முழுதாகத் தயாராகட்டும், பிறகு மோதுவோம் என்றார். இஸ்மாயில் துர்மிஷ் கான் பக்கம் நின்றார். வணிகக் கூட்டத்தை வழிமறிக்கும் கொள்ளையன் அல்ல நான் என்ற பொருளில் அவர் பேசியதாகப் பாரசீக வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

உதுமானியக் கூடாரத்தில் நடந்தது நேர்மாறு. படை களைத்திருக்கிறது, ஒரு நாள் ஓய்வு கொடுப்போம் என்றார்கள் பலர். கருவூல அதிகாரி பீரி மெஹ்மத் மட்டும் உடனே மோத வேண்டும் என்றார். நம் படைக்குள்ளேயே ஷாவிடம் மனம் சாய்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் அவகாசம் கிடைத்தால் அவர்கள் பக்கம் மாறிவிடலாம் என்பது அவர் காரணம். செலிம் அதை ஏற்றார். விடியும்போது படை அணிவகுத்து நின்றது.

எதிராளி ஒருநாள் தூங்கியிருந்தால், இவர் அன்றிரவே பாய்ந்திருந்தால் என்றெல்லாம் அடுக்கலாம். வென்றிருப்பார் என்று உறுதி சொல்ல மாட்டேன். வாய்ப்பு கூடியிருக்கும்.

போர் அன்னிக்கு என்ன நடந்தது? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

உதுமானிய அணியின் நடுவில் செலிம். அவரைச் சுற்றி ஏறக்குறைய 12,000 ஜானிசரிகள், கையில் துப்பாக்கி. முன்னால் சங்கிலியால் பிணைத்த வண்டிகள், அவற்றோடு பீரங்கிகள். வலப்பக்கம் சினான் பாஷாவின் கீழ் அனதோலியக் குதிரைப்படை. இடப்பக்கம் ஹசன் பாஷாவின் கீழ் ருமேலிய, அதாவது உதுமானியரின் ஐரோப்பியப் பகுதிக் குதிரைப்படை. பீரங்கிகள் கண்ணில் படாதபடி அவற்றுக்கு முன்னால் அசாப் என்னும் காலாட்களை நிறுத்தியிருந்தார்கள். எதிரி பாய்ந்து வரும்போது அவர்கள் சட்டென விலக வேண்டும், பீரங்கி வெடிக்க வேண்டும்.

நடுப்பகுதியை உடைக்க முடியாது என்று இஸ்மாயிலுக்குத் தெரியும். அதனால் இரு பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் பாய்ந்து, வண்டி அரணைச் சுற்றிப் பின்னால் போகத் திட்டமிட்டார். வலப்பக்கத்தை அவரே நடத்தினார். அந்தப் பாய்ச்சல் ருமேலியப் படையைச் சிதறடித்தது. அசாப்கள் நேரத்துக்கு விலக முடியாமல் தம் பீரங்கிகளையே மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஹசன் பாஷா மாண்டார். எல்லைப்போர்களில் பேர்பெற்ற மல்கோச்சோலு சகோதரர்களும் அங்கே விழுந்தார்கள். சிறிது நேரம் இஸ்மாயில் வென்றுகொண்டிருந்தார் என்பதே உண்மை.

மறுபக்கம் கதை வேறு. சினான் பாஷாவின் அசாப்கள் சரியான கணத்தில் விலகினார்கள். முதல் வெடிப்பிலேயே முகம்மது கான் உஸ்தாஜ்லு விழுந்தார். இரவில் தாக்கச் சொன்ன அதே மனிதர். தலைவன் போனதும் சஃபாவி இடப்பக்கம் உடைந்தது. இஸ்மாயில் திரும்பத் திரும்ப நடுப்பகுதி மேல் பாய்ந்தார். ஜானிசரிகளின் குண்டு அவர் உடலில் பட்டது, குதிரையும் விழுந்தது. பிடிபடும் நிலையில், மிர்சா சுல்தான் அலி அஃப்ஷார் என்ற வீரர் நானே ஷா என்று கூவி எதிரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பிடிபட்டார். அந்த இடைவெளியில் இஸ்மாயிலை வேறொரு குதிரையில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். மாலைக்குள் களம் செலிமுடையது. சஃபாவி அரசின் மூத்த தளபதிகளிலும் சமயத் தலைவர்களிலும் பெரும்பகுதி அங்கே கிடந்தது.

ஷா ஒரே வெட்டுல பீரங்கிச் சங்கிலியை வெட்டினார்னு கேள்விப்பட்டேனே?

ஈரானிலும் அசர்பைஜானிலும் பாட்டி கதை போலச் சொல்லப்படுவது. வாளால் சங்கிலியை வெட்டி வண்டிகளுக்கு நடுவே புகுந்தார் என்பார்கள். மேலே சொன்னபடி அவர் பலமுறை அரண் மேல் பாய்ந்தது உண்மை. சங்கிலி கதைக்கு அதுதான் விதை. இஸ்பஹான் நகரின் செஹெல் சொதூன் அரண்மனைச் சுவரில் இந்தப் போரின் பெரிய ஓவியம் ஒன்று பின்னாளில் வரையப்பட்டது. தோற்ற போரை அரண்மனைச் சுவரில் வரைந்து வைக்க அந்த வீரம் போதுமானதாக இருந்தது.

பெண்களும் சண்டை போட்டாங்களா? ராணியைப் பிடிச்சுட்டுப் போனாங்களாமே?

கிசில்பாஷ் பெண்கள் ஆயுதத்தோடு கணவர்மாருடன் களத்துக்கு வந்தார்கள் என்று வெனிஸ் நாட்டவர் எழுதிய குறிப்புகள் சொல்கின்றன. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

ராணி விஷயத்தில் இரு தரப்பு நூல்களும் முரண்படுகின்றன. இளவரசர் தஹ்மாஸ்பின் தாய் தாஜ்லு கானும் பிடிபட்டார் என்பது உதுமானியர் கூற்று. அவர் தப்பிவிட்டார், பிடிபட்டது பெஹ்ரூசா கானும் என்பது ஈரானியர் கூற்று. மனைவியைத் திருப்பித் தரும்படி இஸ்மாயில் தூதர்களை அனுப்பினார். செலிம் தூதர்களைச் சிறையிட்டு, அந்தப் பெண்ணைத் தன் அவையிலிருந்த தாஜிசாதே ஜாஃபர் செலெபிக்கு மணமுடித்து வைத்தார். கணவர் உயிரோடு இருக்கும்போது செய்த அந்தக் காரியம் எந்த மார்க்க நெறியிலும் அடங்காது. ஒரு பெண்ணை வைத்து இன்னொரு மன்னனை அவமானப்படுத்தினார்கள். அவர் யார் என்று வாதிடும் நூல்களில் அவர் என்ன பட்டார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

அவ்வளவு பெரிய வெற்றி. பிறகு ஏன் ஈரானை முழுசா பிடிக்கலை?

பயணம் பற்றிய பதிலிலேயே விடை இருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் செலிம் தப்ரீஸுக்குள் நுழைந்தார். கராபாகில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் தொடர நினைத்தார். ஜானிசரிகள் மறுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் தங்கி, அமாஸ்யாவுக்குத் திரும்பினார். போகும்போது தப்ரீஸின் கைவினைஞர் பலரைக் குடும்பத்தோடு கொண்டுபோனார். ஓவியர், நூல் கட்டுவோர், ஓடு செய்வோர் எல்லோரும் அதில் அடக்கம். இஸ்தான்புல்லின் அழகில் அவர்கள் கைவண்ணம் கலந்திருக்கிறது. விருப்பத்தோடு போனவர்கள் அல்லர்.

அதன்பின் 1516-லும் 1517-லும் செலிமின் கவனம் சிரியாவையும் எகிப்தையும் ஆண்ட மம்லுக்குகள் மேல் திரும்பி, அந்த இரு நாடுகளும் அவர் வசமாயின. கிழக்கே மறுபடி போக அவருக்கு ஆயுள் இல்லை, 1520-இல் இறந்தார்.

தோத்த பிறகு இஸ்மாயில் என்ன ஆனார்?

இன்னும் பத்தாண்டு ஆண்டார், ஒரு போரையும் தானே நடத்தவில்லை. கறுப்பு உடுத்தினார், வேட்டையிலும் மதுவிலும் நாளைக் கழித்தார் என்கிறார்கள். முழுதும் ஒதுங்கிவிட்டார் என்பது மிகை. தூதர்களை அனுப்பிக்கொண்டும், ஐரோப்பிய மன்னர்களோடு கூட்டணி தேடிக்கொண்டும்தான் இருந்தார். 1524-இல் இறந்தபோது வயது 36. அதிக இழப்பு சீடர்களின் மனத்தில் நேர்ந்தது. இறையருள் பெற்றவர் தோற்கமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. பத்து வயது தஹ்மாஸ்ப் பட்டம் ஏறியதும் கிசில்பாஷ் குலங்கள் தமக்குள் அடித்துக்கொண்டன. பாடம் மட்டும் வீண்போகவில்லை. 1528-இல் ஜாம் என்ற இடத்தில் தஹ்மாஸ்பின் படை வண்டி, பீரங்கி அரண் அமைத்து உஸ்பெக்குகளை வென்றது.

ராஜாக்கள் கதை சரி. அந்த எல்லையில வாழ்ந்த ஜனங்க என்ன ஆனாங்க?

இந்தக் கேள்வி அரிதாகத்தான் வரும். ஒருமுறை ஒரு பெரியம்மா எழுந்து இதைக் கேட்டார். இந்தத் தொகுப்பையே அவருக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லலாம்.

மலைகளில் இருந்த குர்து தலைவர்கள் இஸ்மாயிலின் ஆளுநர்களால் ஒடுக்கப்பட்டவர்கள். குர்து அறிஞர் இத்ரீஸ் பித்லிசி அவர்களிடையே தூது போய், இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் செலிம் பக்கம் சேர்த்தார். பரம்பரை ஆட்சியுரிமை அவர்களுக்கே என்பது உடன்பாடு. 1515-இல் தியார்பக்கிர் உதுமானியர் வசமாக அதுவே வழி செய்தது. அதன் விலையாக, குர்துகளின் நாடு இரண்டு பேரரசுகளுக்கு நடுவே பிளந்த நாடாயிற்று. அனதோலியாவில் எஞ்சிய கிசில்பாஷ்கள் சந்தேகத்துக்குரிய குடிகளாகிப் பல தலைமுறை ஒளிந்து வாழ்ந்தார்கள். இன்றைய துருக்கியின் அலெவி மக்கள் பெரும்பாலும் அவர்கள் வழிவந்தவர்கள். அர்மீனிய உழவர்களின் வயலில் இரு படைகளும் மாறி மாறி நடந்தன. முகம்மது கான் எரித்தது இவர்களுடைய, இவர்களைப் போன்றவர்களுடைய பயிரை. தஹ்மாஸ்பும் அதே உத்தியைக் கையாண்டார், பிறகு அவர் பேரன் ஷா அப்பாஸும்.

சால்டிரானோட சண்டை முடிஞ்சுதா?

இல்லை. 1534-இல் சுலைமான் பாக்தாத்தைப் பிடித்தார். 1555-இல் அமாஸ்யா உடன்படிக்கை. 1603-இல் ஷா அப்பாஸ் தப்ரீஸை மீட்டார், பின்னர் பாக்தாத்தையும். 1638-இல் நான்காம் முராத் பாக்தாத்தைத் திரும்ப எடுத்தார். 1639-இல் சுஹாப் உடன்படிக்கை வரைந்த எல்லை, சிற்சில மாற்றங்களோடு இன்றும் நிற்கிறது. தப்ரீஸ் எல்லைக்கு மிக அருகில் இருந்ததால் சஃபாவியர் தலைநகரைக் கஸ்வீனுக்கும், பிறகு இஸ்பஹானுக்கும் மாற்றிக்கொண்டார்கள்.

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின போருக்கு இன்னிக்கும் ஏன் மனவருத்தம்?

2016-இல் இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் மேல் மூன்றாவது பாலம் திறந்தார்கள். பெயர் யாவுஸ் சுல்தான் செலிம் பாலம். 'கடுமையானவர்' என்று பொருள்படும் யாவுஸ், நம் செலிமின் பட்டப்பெயர். பெயரை அறிவித்த நாளிலிருந்தே அலெவிகள் எதிர்த்தார்கள். பட்டியல் பற்றிய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதே அலெவிகள் தம் ஜெம் வழிபாட்டில் சாஸ் என்னும் நரம்புக் கருவியின் இசையோடு இன்றும் பாடும் பாடல்களில் கதாயியின் கவிதைகள் உண்டு. தோற்ற மன்னர் அவர்கள் பாட்டில் இருக்கிறார்.

நமக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இரண்டு சொல்வேன். ஒன்று போர்முறை. 1526-இல் பானிபட்டில் பாபர் வண்டிகளைத் தோல் கயிற்றால் பிணைத்துப் பீரங்கிகளை நிறுத்தியது 'ரூமி முறை' என்று அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ரூமி என்றால் உதுமானியத் துருக்கியர். 1565-இல் விஜயநகரத்தை வீழ்த்திய தலைக்கோட்டைப் போரிலும் அகமத்நகர்ப் பீரங்கிகளை நடத்தியவர் பெயர் ரூமி கான்.

இன்னொன்று மனிதர்கள் வழியாக வந்தது. ஷா அப்பாஸ் உதுமானியருக்கு எதிராக நிலத்தைப் பாழாக்கியபோது, 1604-இல் அராஸ் ஆற்றங்கரையின் ஜுல்ஃபா நகரத்து அர்மீனியர்களைக் கூண்டோடு பெயர்த்தார். ஆற்றைக் கடக்கையில் பலர் மூழ்கினார்கள். பிழைத்தவர்களுக்கு இஸ்பஹானில் புதிய ஜுல்ஃபா என்ற குடியிருப்பைக் கொடுத்தார். அங்கிருந்து வணிகம் செய்து கடல் கடந்து மதராஸ் வரை வந்தார்கள். சென்னையின் அர்மீனியன் தெரு அவர்கள் இருந்த தெரு. புதிய ஜுல்ஃபாவில் பிறந்த கோஜா பெத்ரூஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பரங்கிமலை உச்சிக்குப் போகும் படிகளும் அவர் போட்டுக்கொடுத்தவை.